மொறிஸ் மைனர்: விற்பதா, மூடிவைப்பதா?

2022 பொருளாதார நெருக்கடியில், யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் போன்ற பழைய இங்கிலாந்துக் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மண்டையை உடைத்த கேள்வி இது.

விற்பவர் பக்கம் நியாயம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் ஓடுகிற எதற்கும் விலை ஏறியது. பெற்றோல் வரிசையில் காயவும் தேவையில்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, இங்கிலாந்திலிருந்து வரும் எஸ்.யூ. காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) கிற் ஒன்றின் விலையை மனுசிக்குச் சொல்லவே பயம். ஆனால் விற்ற காசு? அந்தச் செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வங்கியில் கிடந்தே கரைந்திருக்கும்.

மூடிவைப்பது சும்மா இருக்கிற வேலையல்ல. பற்றறி வயரைக் கழற்றி, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து ரயரைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். இடைக்கிடை முன்னால் கைப்பிடியைச் செருகி எஞ்சினைச் சுற்றிவிட வேண்டும். விட்டால் பிஸ்ரன் இறுகிவிடும். தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. இந்தமுறை அந்த வித்தையும் பலிக்கவில்லை: 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தது.

அடுப்பெரியாத வீடு என்றால் விற்கத்தான் வேண்டும், அதில் வெட்கமில்லை. மற்றப்படி நான் கட்டை வைக்கிற கட்சி. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்துதான் விட்டது. ஆனால் மொறிஸ் மைனர் தயாரிப்பு 1971 இலேயே நின்றுபோயிற்று.