வரவேற்பு மேடைக்கு யாரை அழைப்பது? கும்பகோணத்தில் ஒரு கல்யாண ஏற்பாடு

தம்பி மகளின் திருமணத்துக்காக ஆவணியில் கும்பகோணம் சென்றிருந்தபோது, முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை நடக்கும் வரவேற்புக்கு இசையும் மற்ற நிகழ்ச்சிகளும் ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டிருந்தான். சமையல், பூ அலங்காரம், புகைப்படம் எல்லாவற்றையும் அவனே பேசி முடித்துவிட்டு, "பாட்டு விஷயம் மட்டும் நீ வந்து நேரில் கேட்டுச் சொல்லுக்கா" என்று நிறுத்தி வைத்திருந்தான். மெல்போர்னில் இருந்தபடியே காணொளிகளைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடும் வழக்கம் எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடும்பங்களில் பெருகியிருக்கிறது. அப்படியின்றி நேரில் போய்க் கேட்டுப் பேசியதில் நான் தெரிந்துகொண்டவை, தை மாசியில் ஊருக்குச் சென்று கல்யாணம் நடத்தவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வரவேற்பு என்பது மூன்று மணி நேரக் கூட்டம். வருபவர்கள் மேடையேறி மணமக்களை வாழ்த்த வரிசையில் நிற்கிறார்கள், மொய் எழுதுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், பந்திக்கு இறங்குகிறார்கள். இவற்றுக்கு நடுவில்தான், பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளாத சொந்தங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் நேரமும் இருக்கிறது. ஆகவே யாரை அழைப்பது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: இசை நடக்கும்போது எண்பது வயதுப் பெரியம்மா தன் நாத்தனாரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய இசை என்றால், அதற்கெனத் தனி நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பேச்சையும் அழித்துக் கேட்பவரையும் களைப்பாக்கும் நிகழ்ச்சிக்கு, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், பணம் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் பார்த்தது மெல்லிசைக் குழுக்களை. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் குழுக்களுக்குக் குறைவில்லை. குரல் வளமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குழு என்ற பெயரில் வருவது இரண்டு வகை. ஒன்று, கீபோர்டு, பேஸ் கிடார், தபலா, ரிதம் பேடு, புல்லாங்குழல் என்று ஆட்கள் உட்கார்ந்து வாசிப்பது. மற்றொன்று, பதிவு செய்த ட்ராக்கை ஓடவிட்டு அதன்மேல் பாடுவது. விலை பேசும்போது இரண்டாவது வகையினர் இதைத் தாமாகச் சொல்வதில்லை. எத்தனை வாத்தியம், யார் வாசிப்பது என்று கேட்டால்தான் தெரியவருகிறது. ட்ராக் போட்டுப் பாடுவதில் தவறொன்றும் இல்லை, சிறிய மண்டபத்துக்கு அது போதும். ஆனால் முழு வாத்தியக் குழுவின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான கேள்வி, காணொளியில் பாடுபவர்தான் நேரில் வருவாரா என்பது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வரும் முகூர்த்தங்களில், ஒரே மாலையில் ஊருக்குள் பல மண்டபங்களில் வரவேற்பு நடக்கிறது. ஒரு குழு இரண்டு மூன்று இடங்களை ஒப்புக்கொண்டு, முதன்மைப் பாடகர்களை ஓரிடத்துக்கும் மாற்று ஆட்களை மற்ற இடங்களுக்கும் அனுப்புவது நடக்கக்கூடியது. பாடுபவர்களின் பெயரை ஒப்பந்தத் தாளில் எழுதித் தருமாறு கேட்டேன். ஒரு குழுத் தலைவர் தயங்கினார். இன்னொருவர் உடனே எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டாமவரைத்தான் அமர்த்தினோம். பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி வரிகளைப் படித்துப் பார்ப்பதும் அவசியம். மெட்டு இனிமையாக இருக்கிறது என்பதற்காகப் பிரிவையும் ஏமாற்றத்தையும் பாடும் காதல் பாட்டுகள் வரவேற்பு மேடைகளில் சர்வசாதாரணமாக ஒலிக்கின்றன. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அத்தகைய பாட்டுகளை நீக்கச் சொன்னபோது குழுவினர் மறுக்கவில்லை.

நிகழ்ச்சிகளை மொத்தமாக எடுத்து நடத்தித் தரும் நிறுவனம் ஒன்றிலும் பேசினோம். மணமக்கள் நுழையும்போது பனிப்புகை, குளிர்மத்தாப்பு, எல்இடி திரை, டிஜே, தொகுப்பாளர், கேரளத்துச் செண்டை மேளம் எல்லாம் ஒரே தொகுப்பாகத் தருவார்கள். செண்டையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் திறந்த கோவில் வெளியில் யானைகளுக்கு முன்னே நின்று வாசிக்க உருவான அந்த மேளத்தை, கண்ணாடியும் டைல்ஸும் பதித்த மூடிய மண்டபத்துக்குள் வாசிக்கச் சொல்வது கலைஞர்களுக்கும் கேட்பவர்களுக்கும் செய்யும் கொடுமை. டிஜே வேண்டுமென்று இளையவர்கள் கேட்டதை ஏற்று, சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக் கூடத்தில் அவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினோம்.

அதே நிறுவனம் அனுப்பிய விலைப்பட்டியலில் பாடல் உரிமக் கட்டணம் என்று ஒரு தொகை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, மதச் சடங்குகளில் பாடல்களைப் பாடுவதையும் ஒலிபரப்புவதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கமே சொல்கிறது. திருமணங்களில் இப்படிக் கட்டணம் கேட்பது சரியல்ல என்று மத்திய அரசின் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பும் வெளியிட்டது. இதை எடுத்துச் சொன்னதும் அந்தத் தொகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இனி, எனக்கு மிக நெருக்கமான நாதஸ்வரத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தைச் சுற்றிய மண் நாயனத்துக்கும் தவிலுக்கும் தாய்மண். ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி, பல ஆண்டுகள் ஈரம் வற்றிய அந்த மரத்திலேயே கடைகிறார்கள். கொஞ்சம் தள்ளி இருக்கும் திருவாவடுதுறை, நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரோடு சேர்ந்த ஊர். உயரம் குறைந்து சுருதி ஏறிய திமிரி நாயனம் வழக்கில் இருந்த காலத்தில், நீண்டு சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் கையாண்டு நிலைநிறுத்தினார். அவருக்காக அதை வடிவமைத்துக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இப்படிப்பட்ட ஊரில் நடக்கும் வரவேற்பிலேயே நாயனக்காரர்களை வாசல் ஓரத்தில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, விருந்தினர் நுழையும்போது மட்டும் வாசிக்கச் சொல்வதைப் பல மண்டபங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இம்முறை மண்டபத்துக்குள் தனி மேடை அமைத்து, ஒன்றரை மணி நேரம் முறையான கச்சேரி வைப்பது என்று தீர்மானித்தேன்.

வித்வானைத் தேர்ந்தெடுக்கக் காணொளி எதையும் பார்க்கவில்லை. சுற்றுவட்டாரக் கோவில்களில் சாயரட்சை வேளையில் போய் உட்கார்ந்தால், யார் எப்படி வாசிக்கிறார்கள் என்பது காதுக்கே தெரிந்துவிடும். அப்படிக் கேட்டுப் பிடித்துப்போன ஒருவரின் வீட்டுக்குத் தம்பியோடு சென்றேன். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவரும் அவரோடு சேர்ந்து வாசிக்கிறார். ஒரு செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்பது பொதுவான கணக்கு. கூடுதலாக ஒரு ஸ்பெஷல் தவில் வேண்டுமென்றால் தனியாகப் பேச வேண்டும். எங்கள் மண்டபத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "ஸ்பெஷல் வேண்டாம்மா, உள்ளுக்குள்ள இரண்டு தவிலே தாங்காது" என்று அவரே சொன்னார். தமக்குக் கிடைக்கக்கூடிய வேலையின் அளவைத் தாமே குறைத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. தாழ்ந்த சுருதியான இரண்டு கட்டையில் பாரி நாயனம், ஒலிபெருக்கி இல்லை என்று பேசி முடித்தோம். என்ன வாசிப்பது என்பதில் நான் கேட்டது ஒன்றுதான்: ஒரு ராகத்தையாவது அவசரமின்றி விரித்து வாசிக்க வேண்டும். திரைப்பாட்டுக் கேட்டு யாரும் சீட்டு அனுப்பாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கல்யாணி வாசிக்கிறேம்மா" என்றார்.

குழந்தைகளுக்காகத் தஞ்சாவூர்ப் பகுதியின் பொய்க்கால் குதிரை ஆட்டக் குழுவை மண்டப முற்றத்தில் அரை மணி நேரம் ஆடவைத்தோம். மெல்போர்னிலிருந்து வந்த பிள்ளைகள் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. ஆடுபவர்களுக்கு உடை மாற்ற அறையும் குடிநீரும் மண்டபத்தார் தாமாகத் தருவதில்லை. முன்கூட்டியே சொல்லி வாங்கிவிட வேண்டும்.

எந்தக் குழுவை அழைத்தாலும், மாலையின் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பவர் மைக் செட்காரர். சில மண்டபங்கள் தங்கள் ஒப்பந்தக்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. வாடகை பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையின் இருபுறமும் ஆளுயரப் பாக்ஸ்களை நிறுத்துவது அவர்கள் வழக்கம். முன்வரிசையில் முதியவர்கள்தான் உட்கார்கிறார்கள் என்பதால் ஒலியின் முழு வேகமும் அவர்கள் மீது விழுகிறது. அதற்குப் பதிலாகச் சிறிய பாக்ஸ்களைச் சுவரோரம் பிரித்து வைக்கச் சொன்னோம். கூடுதல் கேபிளுக்குச் சிறிய தொகை கேட்டார், கொடுத்தோம். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. முற்றத்தில் நிகழ்ச்சி வைப்பவர்கள் அதற்குள் முடித்துவிட வேண்டும். ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பதையும் எழுத்தில் வாங்குவது நல்லது.

அன்று மாலை கல்யாணி ஆலாபனை தொடங்கியபோது, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் நாயன மேடைப் பக்கம் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பேச விரும்பியவர்கள் மறுகோடியில் தடையின்றிப் பேசினார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் தூரம் போகப் போக நாயனம் தானாகவே தணிந்தது. பின்னர் வந்த மெல்லிசைக் குழு ஓரிரு முறை ஒலியை ஏற்ற முயன்றது. மிக்ஸர் பக்கத்தில் என் தம்பியின் மைத்துனரை நிறுத்தியிருந்ததால் அது கட்டுக்குள் இருந்தது. தொகுப்பாளர் வேண்டாமென்று விட்டதற்கு யாரும் குறை சொல்லவில்லை.

பணம் கொடுக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. முன்பணம் பாதிக்கு மேல் தர வேண்டியதில்லை. மீதியை அன்றிரவே மண்டபத்திலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். நாயனக் குழுவினர் மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கும் வாசிப்பதால், அவர்களை முதல் பந்தியிலேயே உட்காரவைத்தோம். வித்வானுக்கும் தவில்காரர்களுக்கும் வேட்டியும் தாம்பூலமும் வைத்து மேடையிலேயே கொடுத்தோம். தங்க அறை வேண்டுமா என்று கேட்டதற்கு, ஊர் பக்கத்தில்தான், அதிகாலை வண்டி மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். அந்த வண்டிக்கான வாடகையையும் உங்கள் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.