சேலம் லாட்ஜா, ஏற்காட்டுச் சிறு விடுதியா?

பைக்கில் ஏற்காட்டுக்குச் செல்பவர், இரவைச் சேலத்திலேயே கழிப்பதா, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மலைமேல் கழிப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. சேலம் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் நேரங்கெட்ட நேரத்திலும் அறை கேட்கலாம். பஞ்சர் கடையும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் ஹாரன் சத்தத்தில்தான் உறங்க வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறு விடுதியிலோ, அறை வாசலிலேயே வண்டியை நிறுத்தலாம்; காலையில் பனியில் நனைந்த சீட்டைத் துடைத்து, சோக்கை இழுத்தால்தான் என் பழைய வண்டி கிளம்பும். மே மாதக் கோடை விழாவின்போது வாடகை ஏறிவிடும் என்பது வேறு விஷயம். இருட்டிய பின் மூடுபனியில் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதைவிடச் சேலத்தில் தங்குவதே மேல். மாலை நான்கு மணிக்குள் அடிவாரத்தை எட்டிவிட்டால், என் தேர்வு மலைதான்.