சீகெம் ஃபாஸ்கார்டு: சின்னக் கடல்நீர்த் தொட்டியில் எவ்வளவு போடலாம்?

வெள்ளை மணிகளாக வரும் இந்த அலுமினியம் ஆக்சைடு, நீரில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டோடு சிலிக்கேட்டையும் பிடித்துக்கொள்ளும். அதனால் முடிப்பாசிக்கு மட்டுமல்ல, புதுத் தொட்டியின் மணலில் படரும் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசிக்கும் உதவுகிறது. மணிகளுக்குள் நீரைச் செலுத்தும் தனிக் குழாய்க்கருவி (ரியாக்டர்) தேவையில்லை. சின்னத் தொட்டிக்கு இதுவே பெரிய வசதி.

300 லிட்டருக்கு 250 மி.லி. என்பது கம்பெனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 40 லிட்டருக்கு 33 மி.லி. வரும். ஆனால் 15 மி.லி.யில் தொடங்குவதே நல்லது. ஆர்.ஓ. நீரில் தூசி போக அலசி, மெல்லிய வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் நீரோட்டம் பைக்குள் புகுந்து வரும் இடத்தில் வையுங்கள். நாலாம் நாள் வெளியே எடுத்துப் பாஸ்பேட்டைச் சோதியுங்கள். இன்னும் அதிகமாக இருந்தால் பழைய மணிகளை மாற்றிப் புது மணிகளைப் போடுங்கள்.

பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் போதும். பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடாதீர்கள்! பவளங்கள் வெளிறும், முடிப்பாசி போன இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்காரும், அதை விரட்டுவது இன்னும் கடினம். ஹன்னா அல்ட்ரா லோ பாஸ்பரஸ் செக்கர் என்ற சோதனைக் கருவி காட்டும் பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) எண்ணை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம். கிடைக்கும்.

சில நாளில் அளவு மறுபடி ஏறினால் மருந்தைக் குறை சொல்லவேண்டாம். பாறைக்குள் ஊறிய பாஸ்பேட் கசிகிறது. நீண்ட பாசியை முதலில் கையால் பிடுங்கிவிடுங்கள். பிரையாப்சிஸ் என்ற இறகு போன்ற பச்சைப் பாசி மட்டும் இதற்கு அசையாது. லெதர் பவளம் (தோல் போன்ற மென்பவளம்) சுருங்கினால் பையை உடனே எடுத்துவிடுங்கள்.