டயலெக்ட்டுக்குப் பெயர் வைப்பது: பதிப்பெண்ணா, குடும்பமா, திறனா?

தரவுத்தளத்திடம் எஸ்கியூஎல் மொழியில் முதல் பத்து வரிசை மட்டும் கேட்க வேண்டுமென்றால் மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் கடைசியில் லிமிட் 10 போட வேண்டும், எஸ்கியூஎல் சர்வரில் செலக்ட் என்று எழுதியவுடனேயே டாப் 10, பழைய ஆரக்கிளில் ரோநம் என்ற வரிசை எண்ணை வைத்துச் சுற்றி வர வேண்டும். எஸ்கியூஎல் 1986இலேயே தரம் வகுத்த மொழி, ஆனாலும் வீட்டுக்கு வீடு பேச்சு வேறு, அந்தப் பேச்சுவழக்குதான் டயலெக்ட். ஒரே மென்பொருள் எல்லாவற்றோடும் பேச வேண்டுமானால் ஒவ்வொரு டயலெக்ட்டுக்கும் கோடில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்குள் எதைப் போடுவது?

பதிப்பெண்ணையே போடலாம். ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஹைபர்னேட்டின் பழைய பதிப்புகளில் மைஎஸ்கியூஎல்57டயலெக்ட், ஆரக்கிள்10ஜிடயலெக்ட் என்று இருந்தன. மைஎஸ்கியூஎல்5இன்னோடிபிடயலெக்ட் என்று சேமிப்பு எஞ்சினையும் பெயரில் ஏற்றிய கிளாஸ்கூட உண்டு. பார்த்தவுடன் புரியும், உண்மைதான். ஆனால் சர்வரை மாற்றிய பிறகும் கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயர் அப்படியே கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். 2022இல் வந்த ஹைபர்னேட் 6 இவற்றைக் குடும்பத்துக்கு ஒரு கிளாஸாக (மைஎஸ்கியூஎல்லுக்கு ஒன்று, ஆரக்கிளுக்கு ஒன்று) சுருக்கி, பதிப்பை இணைப்பிலிருந்தே கேட்டுக்கொள்கிறது.

அதுதான் இரண்டாவது வழி: பெயர் குடும்பத்துக்கு, பதிப்பு வெறும் எண். நாங்களும் இதைத்தான் பிடித்தோம், பிடித்து நன்றாக அடி வாங்கினோம். புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடைக்கு ஸ்டொக் மென்பொருள் செய்துகொடுத்தோம். இரண்டு கவுண்டர்கள் ஒரே பில்லை எடுத்துவிடக் கூடாது என்று, வேறொருவர் பூட்டிய வரிசையைத் தாண்டிப் போகச் சொல்லும் ஸ்கிப் லொக்ட் பயன்படுத்தினோம். அது மைஎஸ்கியூஎல்லில் 8.0.1இல் வந்தது, ஆகவே கோடில் "பதிப்பு 8க்கு மேல் என்றால் போடு" என்று ஒரு வரி. கடையில் இருந்ததோ மரியாடிபி 10.4. மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்து வந்ததுதானே என்று அதையும் அதே குடும்பத்தில் போட்டிருந்தோம். பத்து எட்டை விடப் பெரிது, சரி என்று கோட் போய்விட்டது. மரியாடிபிக்கு ஸ்கிப் லொக்ட் 10.6இல்தான் வந்தது. காலையில் கடை திறந்தவுடன் திரை முழுக்க 1064 பிழை (எழுதிய கட்டளை சர்வருக்குப் புரியவில்லை என்று பொருள்), முதலாளி போனில், நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குள் நிற்கிறேன்.

மூன்றாவது, பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் வழி, பெயருக்குப் பதிலாகத் திறனைக் கேட்பது. "உனக்கு ஸ்கிப் லொக்ட் தெரியுமா?" என்பதுதான் கேள்வி. பதில் ஆம் அல்லது இல்லை. மரியாடிபி என்றால் 10.6, இல்லாவிட்டால் 8.0.1 என்ற கணக்கு அந்தப் பதிலுக்குள் ஒரே இடத்தில் இருக்கும், மற்றக் கோட் எண்ணையே பார்க்காது. சிரமம், இப்படிக் கேள்விகள் பெருகிக்கொண்டே போகும், ஒவ்வொன்றையும் நிஜ சர்வரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதோடு லிமிட்டா டாப்பா என்பது ஆம்-இல்லை விஷயம் இல்லை, அதை எழுதித்தர டயலெக்ட்டுக்குள் ஒரு ஃபங்ஷன் தேவை.

நான் தேர்ந்தெடுப்பது இதுதான்: ஃபோல்டர் குடும்பத்தின் பெயரில், வெளியே தெரிவது திறன் மட்டும், பதிப்பெண் ஃபோல்டருக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். மரியாடிபியை மைஎஸ்கியூஎல்லின் பிள்ளையாக வைக்கவே வேண்டாம். 10.3இலேயே அதற்கு அடுத்தடுத்த எண் தரும் சீக்வென்ஸ் வந்துவிட்டது, 10.5இல் இன்சர்ட்டோடு, சேர்த்த வரிசையைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங்கும் வந்தது, மைஎஸ்கியூஎல்லில் இரண்டும் இல்லை. நாங்கள் தனி ஃபோல்டர் போட்டுப் பிரித்தோம். பிறகு அந்தக் கடை 10.6க்கு மாறியபோது எங்கள் பக்கம் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஸ்கிப் லொக்ட் தானாக வேலை செய்யத் தொடங்கியது.