குடியரசுகள் தேயும் விதம்: ஓர் ஒலிப்பாடத் தொடர் பற்றிய மதிப்புரை

குடியரசுகளும் மக்களாட்சிகளும் எவ்வாறு எழுந்து தளர்கின்றன என்பதை விளக்கும் இணையவழி ஒலிப்பாடத் தொடர் ஒன்றை அண்மையில் கேட்டு முடித்தேன். கொடுத்த கட்டணத்துக்கு நிறைவான தொடர் என்றே சொல்வேன்.

அதன் உயிர் ரோமானியப் பகுதியில்தான் இருக்கிறது. நிலச் சீர்திருத்தத்துக்கு முயன்ற மக்கள் பிரதிநிதி டைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133-இல் செனட் எனும் மேட்டுக்குடி ஆட்சிமன்றத்தின் உறுப்பினர்கள் திரட்டிய கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டதையும், கி.மு. 88-இல் ரோமானியத் தளபதி சுல்லா தன் படையுடனேயே ரோம் நகருக்குள் நுழைந்ததையும் அடுத்தடுத்து வைத்து, எழுதப்படாத மரபுகள் ஒவ்வொன்றாக மீறப்பட்டபோது சட்டங்கள் வெறும் ஏட்டளவில் எஞ்சிய கதையை விரிவுரையாளர் நிதானமாகச் சொல்கிறார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலும் செனட் கூடியது, கான்சல்கள் எனும் தலைமை ஆட்சியாளர்கள் பதவியேற்றார்கள். அதிகாரம் மட்டும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த இடத்தை நிறுத்தி மீண்டும் கேட்டேன்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசு பற்றிய பகுதி சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. அரசமைப்பின் 48-ஆம் பிரிவு தந்த அவசர அதிகாரம் 1930 முதல் அன்றாட ஆட்சிமுறையாகவே மாறியதையும், 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலேயே சட்டமியற்ற ஹிட்லர் அரசுக்கு வழிசெய்த அதிகாரமளிப்புச் சட்டத்தை எதிர்த்து 94 சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே வாக்களித்ததையும் கேட்கையில் நெஞ்சு கனக்கிறது.

1297-இல் தன் ஆட்சிமன்றமான பெருமன்றத்தின் உறுப்புரிமையைச் சில குடும்பங்களுக்குள் சுருக்கத் தொடங்கியும் 1797 வரை நீடித்த வெனிஸ் நகரக் குடியரசுக்குச் சில நிமிடங்களே ஒதுக்கியது பெருங்குறை. வீழ்ச்சியை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர், நீடித்து நின்றதன் காரணங்களையும் அதே அக்கறையுடன் ஆராய்ந்திருக்க வேண்டும். பெயர்களையும் ஆண்டுகளையும் எழுத்தில் தரும் துணைக்கையேடு இல்லாததால், கேட்பவர் குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.