வலி மாத்திரைகளில் சிறுகுடலுக்கு எது தேவலை?

பல்லடத்தில் தறி ஓட்டும் எங்கள் மாமாவுக்கு முழங்கால் வலி. மருந்துக்கடையில் ‘ஒரு செட்டு’ கேட்டால் டைக்ளோஃபினாக்கும் கேஸ் மாத்திரையும் மடித்துக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் அதிலேயே ஓட்டினார். "வயித்துக்கு ஒண்ணும் பண்றதில்லைங்க" என்றுதான் டாக்டரிடமும் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8தான், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை சுத்தமாக இருந்தது. கேமரா வைத்த கேப்சூலை விழுங்க வைத்த பிறகுதான் சிறுகுடலில் புண்கள் தெரிந்தன.

கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். அதனால் இரைப்பையும் முன்சிறுகுடலும் தப்பிக்கும். அதற்குக் கீழே பல மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் குடலில் புண் வருவது அமிலத்தால் அல்ல. மாத்திரையோடு பித்தநீரும் பாக்டீரியாவும் சேர்ந்து சுவரை அரிக்கின்றன. அமிலம் குறைந்தால் குடல் பாக்டீரியாக்களின் கலவையும் மாறும், புண் கூடவும் செய்யலாம். டைக்ளோஃபினாக் பித்தநீர் வழியாகத் திரும்பவும் குடலுக்கே வருகிறது. நாள்பட்ட வலிக்கு இந்தச் ‘செட்டு’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

செலிகாக்சிப் என்ற இன்னொரு வலி மாத்திரை எப்படி? 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து கேப்சூல் கேமராவில் பார்த்தார்கள். டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்த நாப்ராக்சனை ஓமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையுடன் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சிறுகுடலில் சிராய்ப்பு. செலிகாக்சிப் எடுத்தவர்களில் 16, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7. குடலுக்கு இது தேவலை, சந்தேகமில்லை. ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, சிறுநீரகம் பழுதானவர்களும் கவனிக்க வேண்டும்.

பாராசிட்டமால் குடலை இந்த அளவுக்குப் படுத்தாது, ஆனால் முட்டி வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. குடிப்பழக்கம் இருந்தால் கல்லீரலையும் பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மட்டும் என்றால் மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்தான் என் முதல் தேர்வு. ரத்தத்தில் கொஞ்சம்தான் சேரும். மாமாவும் இப்போது அதற்கு மாறிவிட்டார்.

அப்புறம், இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரின். உறை போட்டது என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்த உறை கரைவதே சிறுகுடலில்தான். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாரடைப்பு அதைவிடப் பெரிய ஆபத்து. ஆஸ்பிரினோடு வலி மாத்திரையும் போடுகிறவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் வயிற்று வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் சொல்லி அவ்வப்போது ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.