கிரைஸ்லர் 300எஃப்: முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்

வால் இறக்கை வைத்த அமெரிக்கக் கார் என்றதும் எல்லோரும் 1959 கேடிலாக் எல்டொராடோவைத்தான் சொல்வார்கள். அழகுதான். ஆனால் ஓட்டுவதற்கென்று ஒரு கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கிவிடும் கார், கேட்டால் என் கை 1960 கிரைஸ்லர் 300எஃப் பக்கம்தான் போகும். மிச்சிகனில் பழைய கார்களைச் சரிசெய்யும் ஒரு பட்டறையில் சிவப்பு நிறத்தில் ஒன்று நின்றது. அதன் உரிமையாளர், வயதானவர், மனசு வைத்து சாவியையே கொடுத்துவிட்டார்.

பானெட்டுக்குள் இருப்பது 413 கன அங்குல வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர்), ஏறக்குறைய 6.8 லிட்டர். அதன் மேல் 30 அங்குல நீளத்தில் அலுமினியக் குழாய்கள் குறுக்கே போகின்றன. இடது ஓரத்துக் கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கருவி) வலது சிலிண்டர்களுக்கு ஊட்டுகிறது, வலது ஓரத்தது இடதுக்கு. வால்வு மூடியதும் முட்டித் திரும்பும் காற்றலை, குழாய்க்குள் போய்வந்து, வால்வு மறுபடி திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்து, கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளும். அந்த நீளம் அதற்காகத்தான். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, குழாயின் அளவை வைத்தே சாதித்திருக்கிறார்கள்! 375 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் ஏறியதும் லேசாகத்தான் மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

நான்கு பேருக்கும் தனித்தனித் தோல் சீட், நடுவே முன்னிருந்து பின்வரை கன்சோல். முன் சீட்டுகள் கதவுப் பக்கம் சுழலும். வேட்டி கட்டியவர்கூட வசதியாக இறங்கலாம். கியருக்கு ஸ்டியரிங்கின் இடப்புறம் பட்டன்கள். இருட்டியதும் மீட்டர்களைப் பாருங்கள்: குமிழ்க் கண்ணாடிக்குள், பல்பே இல்லாமல், எலக்ட்ரோலூமினசென்ட் முறையில், அதாவது மின்சாரம் பட்டதும் தானே ஒளிரும் பூச்சால், முகப்பு முழுக்க ஒரே சீராக ஒளிரும்.

குறை இல்லாமல் இல்லை. இவ்வளவு வேகத்துக்கும் எடைக்கும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி தளரும், முன்கூட்டியே மிதிக்கப் பழக வேண்டும். பவர் ஸ்டியரிங் ரொம்ப லேசு, சாலை எப்படி இருக்கிறதென்று கைக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் டிக்கி மூடியில் அந்தப் பொய் ஸ்பேர் டயர் வடிவம். கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னரின் அந்த அருமையான வாலுக்கு அது தேவையே இல்லை.

கன்வெர்டிபிள் மொத்தம் 248தான் செய்தார்கள், அதனால் விலை எட்டாத உயரம். தனி ஃபிரேம் இல்லாத யூனிபாடி என்பதால், வாங்குகிறவர்கள் லிஃப்டில் ஏற்றி அடித்தளத் துருவைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். இரண்டு கார்புரேட்டரையும் ஒத்திசைய வைக்கத் தெரிந்த மெக்கானிக்கையும் முன்பே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.